மலைக்காட்டில் கார்பனை அளப்பது எப்படி

குளிர்மலைக் காட்டில் எவ்வளவு கார்பன் தங்கியிருக்கிறது என்று கணக்கெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் அண்ணாந்து பெரிய மரங்களைத்தான் பார்ப்பார்கள். தப்பில்லை, ஆனால் மிதவெப்ப மண்டலக் காடுகளில் குளிரால் சருகும் கட்டையும் மக்குவதற்கு ரொம்பக் காலம் பிடிக்கும், அதனால் மொத்தக் கார்பனில் பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளேயே கிடப்பது சகஜம். மரம், வேர், செத்த மரம், சருகு, மண் என ஐந்தையும் அளந்தால்தான் கணக்கு முழுசாகும்.

முதல் வேலை, அளக்கும் வட்டத்தைப் போடுவது. 11.28 மீட்டர் ஆரம் எடுத்தால் பரப்பு 400 சதுர மீட்டர் வரும், கிடைத்ததை 25 ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர் கணக்கு. எங்கே போடுவது என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் கால் தானாகவே ஏறச் சுலபமான, மரம் நன்றாக வளர்ந்த இடத்துக்குப் போய்விடும்.

சரிவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நமக்கு வேண்டியது கிடைமட்டப் பரப்பு. 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு 11.28 மீட்டர் இழுத்து வட்டம் போட்டால் நீங்கள் உண்மையில் அளப்பது சுமார் 346 சதுர மீட்டர்தான். மேலும் கீழுமாக இழுக்கும்போது 11.28-ஐ சாய்வுக் கோணத்தின் கொசைனால் வகுத்து, 13 மீட்டருக்கு இழுக்க வேண்டும், குறுக்குவாட்டில் அதே 11.28 போதும்.

மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், மேட்டுப் பக்கம் நின்று அளங்கள். சாதா டேப்தான் இருக்கிறது என்றால் சுற்றளவை 3.14 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு உதாரணம்: 40 செ.மீ. விட்டம், 25 மீட்டர் உயரம் உள்ள ஒரு ஊசியிலை மரம். மேலே போகப் போகத் தண்டு மெலிவதால் உருளையின் கன அளவில் 0.45 பங்கு எடுத்தால் 1.41 கன மீட்டர், அதை மர அடர்த்தி 0.4 ஆல் (கன மீட்டருக்கு 0.4 டன்) பெருக்கினால் தண்டு மட்டும் 0.56 டன். கிளைக்கு 30 சதவீதம், அப்புறம் வேருக்கு 25 சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 0.92 டன் உலர் எடை, அதில் பாதி கார்பன். இவையெல்லாம் தோராயம்தான், அந்த இனத்துக்கென்றே வெளியான சமன்பாடு இருந்தால் அதையே போடுங்கள்.

விழுந்து கிடக்கும் கட்டைகளுக்கு ஒரு கோடு போதும். 100 மீட்டர் கோடு ஒன்றை இழுத்து (இதுவும் கிடைமட்ட நீளம்தான்), அதை வெட்டும் ஒவ்வொரு கட்டையின் விட்டத்தையும் வெட்டும் இடத்திலேயே செ.மீ.யில் அளந்து, வர்க்கங்களைக் கூட்டி, 9.87 ஆல் பெருக்கி 800 ஆல் வகுங்கள். 20, 30, 40 செ.மீ. கட்டைகள் மூன்று குறுக்கிட்டால் ஹெக்டேருக்கு சுமார் 36 கன மீட்டர். கத்தியைக் குத்தினால் சுலபமாக இறங்கும் மக்கிய கட்டைக்குப் புது மரத்தின் அடர்த்தியைப் போடாதீர்கள், அது பாதிக்கும் கீழே போயிருக்கலாம்.

சருகை ஒரு சட்டத்துக்குள் வாரி, உலர்த்தி, எடை போட்டால் போதும்.

மண்ணுக்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் மலைமண் என்றாலே கல். கார்பன் 5 சதவீதம், கல் நீக்கிய மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம், ஆழம் 30 செ.மீ. என்றால் ஹெக்டேருக்கு 120 டன் என்று வரும். அந்த மண்ணின் கன அளவில் 40 சதவீதம் கல் என்றால் உண்மையில் இருப்பது 72 டன்தான்! 2 மி.மீ.க்கு மேற்பட்டதைச் சலித்துத் தனியாக அளக்காதவரின் எண்ணை நான் நம்ப மாட்டேன். 18 செ.மீ.யிலேயே பாறை தட்டினால் 18 என்றே எழுதுங்கள். சுண்ணாம்புப் பாறை உள்ள மலையென்றால், பாறையின் கார்பனையும் சேர்த்து எண்ணிவிடாமல் அமிலம் போட்டு நீக்கித் தரும்படி ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடாகச் சொல்ல வேண்டுமானால் கடைசியில் ஒரே ஒரு முறை 3.67 ஆல் பெருக்குங்கள், நடுவில் வேண்டாம். மரங்களை ஐந்து வருடம் கழித்து மறுபடி அளக்கலாம். மண்ணை அவ்வளவு சீக்கிரம் அளந்தால், ஒரு குழிக்கும் பக்கத்துக் குழிக்கும் உள்ள வித்தியாசமே உண்மையான மாற்றத்தை விழுங்கிவிடும்.