மைன்கிராஃப்ட் குகைச் சிலந்திகளை அடக்கிய விதம்: என் அனுபவம்

மைன்கிராஃப்ட் வீடியோ கேமில், கைவிடப்பட்ட சுரங்கத்தில் அந்த நீலநிறக் குட்டிச் சிலந்திகள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பெரிய சிலந்தி நுழைய இரண்டு கட்டை (பிளாக்) அகலம் வேண்டும், இந்தக் குட்டி ஒரே கட்டை அகலத்தில், அரைக் கட்டை உயரம் இருந்தாலே புகுந்துவிடும். கடித்தால் நார்மல் கடினநிலையில் 7 நொடி விஷம், ஹார்டில் 15 நொடி. விஷம் மட்டும் ஆளைக் கொல்லாது, உயிர் அளவு அரை இதயத்தில் நின்றுவிடும், ஆனால் அந்த நிலையில் அடுத்த கடி விழுந்தால் கதை முடிந்தது. போதாததற்கு ஒட்டடை நம்மைத்தான் இழுத்துப் பிடிக்கும், சிலந்திகளை ஒன்றும் செய்யாது.

வாளோடு ஓடிப்போய்ச் சண்டை போடுவது வேலைக்கு ஆகாது. பாதையைக் கல் வைத்து முழுசாக அடைத்துவிட்டு, பக்கவாட்டுப் பாறையைக் குடைந்து சிலந்திகளைத் தொடர்ந்து உருவாக்கும் கூண்டான ஸ்பானருக்கு நேராகப் போனேன். ஓட்டை திறந்ததும் ஒரு வாளித் தண்ணீர்: ஓடுகிற இடமெல்லாம் ஒட்டடை அறுந்து நூலாக விழும். தண்ணீரை அள்ளிக்கொண்டு, ஸ்பானரின் தலையிலும் நாலு பக்கமும் தீப்பந்தம் நட்டேன். வெளிச்சம் பட்டதும் புதுசாக ஒன்றும் முளைக்கவில்லை, மிச்சம் இருந்ததை ஒவ்வொன்றாக முடித்தேன்.

அப்புறம், பால் வாளி கையில் இருக்கட்டும். குடித்த உடனே விஷம் போய்விடும்.