ஆன்லைனில் வளர்ச்சி உளவியல் முனைவர் பட்டம்: எங்கெல்லாம் சறுக்குகிறது?

வளர்ச்சி உளவியல் ஆய்வுக்கு இரண்டு மூலப்பொருள்கள் வேண்டும். ஒன்று குழந்தைகள், இன்னொன்று காலம். ஆன்லைன் படிப்பால் தர முடியாதவையும் இவை இரண்டுதான். பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம், புள்ளியியலை வீடியோ பார்த்துப் பழகலாம், நெறியாளரைத் திரையில் சந்திக்கலாம். ஆனால் எட்டு மாதக் குழந்தைகள் அறுபது பேரை யார் திரட்டுவது, அதே குழந்தைகளுக்குப் பதினெட்டு மாதம் ஆனதும் மறுபடி யார் தேடிப் பிடிப்பது என்ற கேள்விக்கு எந்தச் சேர்க்கைக் கையேட்டிலும் பதில் இருக்காது. பாடங்களையெல்லாம் நல்ல மதிப்பெண்ணில் முடித்துவிட்டு ஆய்வேட்டில் வந்து சிக்கிக்கொள்வதுதான் இங்கே வழக்கமான கதை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பல, சேர்வதற்கு முன்பே நடந்துவிடுபவை.

பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பது

வளர்ச்சி உளவியல் ஓர் ஆராய்ச்சித் துறை. அதில் முனைவர் பட்டம் வாங்கினால் ஆராயலாம், கற்பிக்கலாம், குழந்தைகள் நலத் திட்டங்களை மதிப்பிடலாம். சிகிச்சை தரும் உரிமம் அதிலிருந்து தானாக வந்துவிடாது. குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் ஆசையோடு இதில் சேர்வது, விமானம் ஓட்ட ஆசைப்பட்டு வானூர்திப் பொறியியலில் சேர்வது போன்றது. இரண்டிலும் விமானம் உண்டு என்பது உண்மைதான்.

முனைவர் படிப்புகளில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், பள்ளி உளவியல் போன்ற சேவைத் துறைகளுக்கு மட்டுமே உண்டு. அவற்றிலும் முழுக்க ஆன்லைனில் நடப்பவற்றுக்கு அது கிடைப்பதில்லை. எனவே ஒரு வளர்ச்சி உளவியல் படிப்புக்கு அந்த அங்கீகாரம் இல்லை என்பது குறையே அல்ல. இருக்கிறது என்று விளம்பரம் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும். பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்துக்கான நிறுவன அங்கீகாரம். அதைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் முத்திரையை வைத்து முடிவுசெய்யாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். அங்கீகாரம் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் போலி அமைப்புகளும் உண்டு என்பதால், அந்த அமைப்பை யார் ஏற்கிறார்கள் என்று ஒரு படி மேலே போய்ப் பார்ப்பது நல்லது.

பட்டம் எங்கே படிக்கப்படுகிறது என்பதைவிட எங்கே செல்லுபடியாக வேண்டும் என்பது முக்கியம். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ முனைவர் படிப்பு நடத்த அனுமதிப்பதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் முனைவர் படிப்புகளை நம்ப வேண்டாம் என்றும் அதே ஆண்டு அந்தக் குழு எச்சரித்தது. நீங்கள் வேலை தேடப்போகும் நாட்டில் சமநிலைச் சான்று (வெளிநாட்டுப் பட்டம் உள்நாட்டுப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) தரும் அமைப்பிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முதல் தவணையைக் கட்டுங்கள். சேர்க்கை ஆலோசகர் போனில் சொல்வது பதில் ஆகாது, அவர் விற்பனையாளர்.

இன்னொரு நுணுக்கம். பல இடங்களில் பட்டச் சான்றிதழில் ‘உளவியல்’ என்றுதான் இருக்கும். ‘வளர்ச்சி’ என்பது சிறப்புப் பிரிவு மட்டுமே. பாட அட்டவணையை எடுத்து, வளர்ச்சிக்கென்றே உள்ள பாடங்கள் எத்தனை, பொதுப் பாடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நான்கைந்து பாடங்களோடு நின்றுவிடும் படிப்புகளில், உங்கள் ஆய்வேட்டைப் படித்து விமர்சிக்கக்கூடிய ஆள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்.

கட்டணத்தைக் கிரெடிட் கணக்கில் மட்டும் போடுவது

கிரெடிட் (பாட அலகு) எண்ணிக்கையை ஒரு கிரெடிட்டின் கட்டணத்தால் பெருக்கினால் வருவது குறைந்தபட்சத் தொகை. ஆய்வேடு முடியும்வரை ஒவ்வொரு பருவத்துக்கும் தொடர் பதிவுக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். சேரும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: முடித்தவர்கள் சராசரியாக எடுத்துக்கொண்ட ஆண்டுகள், சேர்ந்தவர்களில் முடித்தோர் சதவீதம், ஆய்வேட்டுக் கட்டத்தில் ஒரு பருவத்துக்கான கட்டணம். நேரில் சில நாள்கள் வந்து தங்கும் அமர்வுகள் கட்டாயமா என்றும் கேளுங்கள், பயணச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

நேரடி முனைவர் படிப்புகள் பலவற்றில் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் உண்டு. ஆன்லைனில் அது அரிது. அதனால், நேரடிப் படிப்புக்கு ஒரு விண்ணப்பம்கூடப் போட்டுப் பார்க்காமல் நேரே ஆன்லைனுக்கு வருவதையும் தவறுகளின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

நெறியாளர் யார் என்று தெரியாமல் சேர்வது

‘பாடங்கள் முடிந்த பிறகு நெறியாளர் ஒதுக்கப்படுவார்’ என்ற வரி கையேட்டில் இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் வளர்ச்சி சார்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை? இப்போது அவர் கையில் எத்தனை மாணவர்கள்? அவரிடம் முடித்தவர்கள் எத்தனை பேர்? அனுப்பிய அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வரும்? இரண்டு வாரம் என்று விதி இருந்தும் ஆறு வாரம் ஆகிறது என்றால், பத்துச் சுற்றுத் திருத்தத்தில் ஓராண்டுக்கு மேல் காத்திருப்பிலேயே போகும். அவர் பகுதி நேர ஆசிரியர் என்றால் நடுவில் விலகிப்போகும் வாய்ப்பும் கூடும். புது நெறியாளர் முறையியலையே மாற்றச் சொல்வது நடக்காத ஒன்றல்ல.

வயது வேறுபாட்டை வளர்ச்சி என்று எண்ணுவது

ஆய்வேட்டு முன்மொழிவுகள் அதிகம் அடிபடும் இடம் இது. 4 வயதுக் குழந்தைகளையும் 8 வயதுக் குழந்தைகளையும் ஒரே மாதத்தில் சோதித்து, வேறுபாடு தெரிந்ததும் ‘வளர்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள். அது குறுக்குவெட்டு ஆய்வு. அதில் தெரிவது இரு குழுக்களின் வேறுபாடு மட்டுமே. அந்த வேறுபாட்டுக்கு வயது காரணமா, இரு குழுவும் பிறந்து வளர்ந்த சூழல் காரணமா என்று அதைக் கொண்டு பிரிக்க முடியாது. தனிக் குழந்தை எப்படி மாறியது என்பதும் தெரியாது. குறுக்குவெட்டு ஆய்வு செய்யவே கூடாது என்பதில்லை. அதற்குத் தக்கபடி முடிவுரையின் குரல் தாழ வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறு, சொந்தமாக ஒரு நெடுங்கால ஆய்வை ஆரம்பிப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதலுக்கு 2 மாதம், ஆள் திரட்ட 4 மாதம். வளர்ச்சிப் பாதையை நேர்கோடாக வரைந்து அது பொருந்துகிறதா என்று சோதிக்கவே குறைந்தது 3 அளவீடுகள் வேண்டும், ஆறு மாத இடைவெளி என்றால் அதற்கு 12 மாதம். குறியிட (பதிவில் தெரியும் நடத்தைகளை வகைபிரித்துக் குறிக்க) 4, எழுத 6. மொத்தம் 28 மாதம், அதுவும் எதுவும் தவறாமல் நடந்தால். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒருவர் விலகினால், 100 பேரில் தொடங்கியது மூன்றாம் சுற்றில் 64 ஆகிவிடும். விலகுபவர்கள் குலுக்கல் முறையில் விலகுவதுமில்லை. வீடு மாறுபவர்கள், வேலைச் சுமை உள்ளவர்கள், நெருக்கடியில் இருப்பவர்கள்தான் முதலில் போவார்கள். உங்கள் ஆய்வுக் கேள்வியே குடும்ப நெருக்கடியைப் பற்றியது என்றால், கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்களே காணாமல் போயிருப்பார்கள்.

ஆன்லைன் மாணவருக்குப் பெரும்பாலும் பொருந்தும் வழி, ஏற்கெனவே சேகரித்து வைக்கப்பட்ட தரவு. பிரிட்டனின் மில்லேனியம் கோஹார்ட் ஆய்வு 2000 முதல் 2002 வரை பிறந்த சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்கிறது. யங் லைவ்ஸ் ஆய்வு எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 12,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. அமெரிக்காவில் 1991-இல் பிறந்த 1,364 குழந்தைகளைக் கொண்டு 10 இடங்களில் நடந்த குழந்தைப் பராமரிப்பு ஆய்வும் உண்டு. மொழி வளர்ச்சி என்றால் 1984-இல் தொடங்கிய சைல்டெஸ் உரையாடல் தொகுப்பு இருக்கிறது. குழந்தைகளின் வீடியோப் பதிவுகளுக்கு டேட்டாபிரேரி என்ற இணையச் சேமிப்பகம்.

இந்த வழியிலும் குழிகள் உண்டு. தரவைத் திறந்து, எது எதோடு ஒட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு கேள்வி எழுதுவது முதல் குழி. கேள்வியையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் பொதுத் தளம் ஒன்றில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத் தரவைத் தொடுங்கள். இரண்டாவது குழி, மாதிரி எடை. பெரிய ஆய்வுகள் சில குழுக்களை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்திருக்கும், அதைச் சரிக்கட்டத் தரப்படும் எடையைச் சேர்க்காமல் கணக்கிட்டால் சராசரியே தவறாக வரும். மூன்றாவது, 3 வயதில் தாய் நிரப்பிய வினாத்தாளும் 14 வயதில் பிள்ளை நிரப்பிய வினாத்தாளும் ஒரே பெயரில் இருப்பதால் ஒரே பொருளை அளக்கின்றன என்று எண்ணுவது. அளவீட்டு மாறாத்தன்மையை, அதாவது எல்லா வயதிலும் ஒரே பொருள்தான் அளக்கப்படுகிறதா என்பதைச் சோதிக்காமல் வளர்ச்சி வரைபடம் போட்டால், தேர்வுக்குழுவில் வரும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நான்காவது, ஆன்லைன் மாணவர்களுக்கே உரியது: கட்டுப்பாடுள்ள தரவுகள் சிலவற்றை உரிமம் பெற்ற முகவரியில், பூட்டிய அறையில், இணையத்தில் சேராத கணினியில் மட்டுமே திறக்கலாம். அந்த அறை பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும், நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

ஆய்வகத்தில் செய்வதை அப்படியே திரைக்கு மாற்றுவது

தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை அளக்க உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் உருவாக்கிய ‘அந்நியச் சூழல்’ செயல்முறையை எடுத்துக்கொள்வோம். சுமார் 3 நிமிடம் நீளும் எட்டுக் காட்சிகள், தாய் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைக் கவனிப்பது. அறை குழந்தைக்குப் புதியதாக இருப்பதுதான் அந்தச் சோதனையின் உயிர். ஜூம் வழியாக வீட்டில் நடத்தினால் சூழல் அந்நியமே இல்லை. மேலும், அதைக் குறியிடுவதற்குத் தனிப் பயிற்சியும் நம்பகத்தன்மைத் தேர்வும் உண்டு. நேரில் நடத்தித் தரப்படுத்திய வளர்ச்சிச் சோதனைகளும் இப்படித்தான். கட்டையைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டிய சோதனையைத் திரையில் காட்டி நடத்திவிட்டு, நேரில் நடத்தித் தயாரித்த பழைய வயதுவாரி மதிப்பெண் அட்டவணையோடு ஒப்பிடுவது செல்லாது.

இணையத்துக்கென்றே வடிவமைத்த வழிகள் இருக்கின்றன. சில்ட்ரன் ஹெல்பிங் சயின்ஸ் தளத்தில் பெற்றோர் தங்கள் வெப்கேமரா முன் குழந்தையை உட்கார வைத்துப் பங்கேற்கலாம், ஒப்புதலை வீடியோவிலேயே பதிவு செய்யலாம். ஆனால் விளக்கு பின்னால் இருந்தால் முகம் இருட்டடிக்கும், அண்ணன் நடுவில் நுழைவான், கேமரா சரியும். கைவிட வேண்டிய பதிவுகளுக்கும் சேர்த்து ஆள் திரட்டுங்கள். எந்தப் பதிவை விலக்குவது என்ற விதியைத் தரவு வரும் முன்பே எழுதி வையுங்கள். வீடியோக்களில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கையாவது இரண்டாம் நபர், கருதுகோள் தெரியாமல், தனியாகக் குறியிட வேண்டும். அந்த இரண்டாம் நபர் யார் என்பதை முன்மொழிவிலேயே சொல்லிவிடுங்கள். வளாகத்தில் என்றால் பக்கத்து மேசையில் கிடைப்பார், ஆன்லைனில் தேட வேண்டும்.

குழந்தையே வேண்டாம், பெற்றோருக்கு கூகுள் படிவம் அனுப்பிவிடலாம் என்ற குறுக்குவழியும் பிரபலம். வளர்ப்பு முறை பற்றியும் தாயே சொல்கிறார், பிள்ளையின் நடத்தை பற்றியும் அவரே சொல்கிறார். சோர்வாக இருக்கும் நாளில் இரண்டையும் குறைத்துச் சொல்வார். இரண்டுக்கும் இடையே கிடைக்கும் ஒட்டுறவில் (சேர்ந்து ஏறி இறங்கும் அளவில்) ஒரு பகுதி தாயின் மனநிலை மட்டுமே. ஒரு பக்கத்துக்காவது ஆசிரியரின் மதிப்பீடோ குழந்தையே நேரில் செய்யும் பணியோ வேண்டும். பரிசுக் கூப்பன் தருவதாக அறிவித்து இணைப்பைச் சமூக ஊடகத்தில் போட்டால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பதில் குவியலாம், அவற்றில் பல தானியங்கி நிரல் நிரப்பியவை. பிள்ளையின் வயதை ஓரிடத்திலும் பிறந்த மாதத்தை வேறோரிடத்திலும் கேட்டு ஒப்பிடுவது எளிய வடிகட்டி.

மாதிரி அளவையும் மனம்போனபடி ‘50 பேர்’ என்று எழுதாதீர்கள். இரு குழுக்களை ஒப்பிடும்போது நடுத்தர விளைவை (குழுக்களின் வேறுபாட்டை அளக்கும் கோஹெனின் டி 0.5) 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறிய விளைவுக்கு (0.2) அது குழுவுக்கு ஏறக்குறைய 400. ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் இதைச் சில நொடிகளில் சொல்லிவிடும்.

அறநெறிக் குழுவைக் கடைசியில் நினைப்பது

குழந்தைகளிடம் ஆய்வு செய்யப் பெற்றோரின் அனுமதி வேண்டும். புரிந்துகொள்ளும் வயதுள்ள குழந்தையின் சம்மதமும் தனியாக வேண்டும், பெற்றோர் சரி என்றும் குழந்தை மாட்டேன் என்றும் சொன்னால் நிறுத்த வேண்டியதுதான். ஒப்புதலுக்கு முன் சேகரித்த தரவை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது, ‘முன்னோட்டம்தான்’ என்று சொன்னாலும் முடியாது. ஆன்லைன் மாணவர்களில் ஆசிரியர்களும் ஆலோசகர்களும் அதிகம். அவர்கள் தங்கள் வகுப்பு மாணவர்களையே ஆய்வுக்கு எடுப்பதைக் குழு எளிதில் விடாது, மறுக்க முடியாத இடத்தில் அந்தப் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதே காரணம். பல்கலைக்கழகம் ஒரு நாட்டிலும் குழந்தைகள் வேறு நாட்டிலும் இருந்தால் இரு பக்கமும் ஒப்புதல் தேவைப்படலாம், பள்ளியின் அனுமதிக் கடிதம் வேறு. ஆய்வின்போது குழந்தைக்குக் கொடுமை நடப்பது தெரியவந்தால் யாரிடம் தெரிவிப்பது என்பதைப் படிவத்திலேயே எழுத வேண்டும். பயன்படுத்தும் சோதனைக் கருவிக்குப் பதிப்புரிமை இருந்தால் உரிமையாளரின் அனுமதியை முன்கூட்டியே வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள். குழந்தைகளின் வீடியோவைச் சொந்த மடிக்கணினியிலோ இலவச மேகச் சேமிப்பிலோ வைக்கக் குழு எளிதில் ஒப்பாது.

பட்டம் கிடைத்த மறுநாளை மறப்பது

பாட மதிப்பெண்ணைவிட, வெளியான ஒரு நல்ல கட்டுரைக்கு வேலைச் சந்தையில் எடை அதிகம். அந்தக் கட்டுரைக்கான திருத்தக் கோரிக்கை பெரும்பாலும் பட்டம் வாங்கிய பிறகுதான் வரும். ‘விடுபட்ட தரவை வேறு முறையில் கையாண்டு பகுப்பாய்வை மறுபடி ஓட்டுங்கள்’ என்று இதழின் மதிப்பீட்டாளர் எழுதியிருப்பார். அதற்குள் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்பட்டிருக்கும், நூலக அணுகல் போயிருக்கும், எம்பிளஸ் என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருளின் உரிமம் காலாவதியாகியிருக்கும், தரவு இருந்த சர்வருக்குள் நுழைய முடியாது. பகுப்பாய்வை முதலிலிருந்தே ஆர் போன்ற இலவச மென்பொருளில் செய்து நிரல் வரிகளைச் சேமித்து வையுங்கள். பட்டமளிப்புக்கு முன்பே, தரவைத் தொடர்ந்து அணுகும் உரிமை யார் பெயரில், எத்தனை ஆண்டு என்பதை நெறியாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரையின் தொடர்பு முகவரியாகச் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள்.