டெல்லி வெயிலில் சொட்டு மருந்தும் சிரப்பும் கெடாமல் வைப்பது எப்படி

மே, ஜூனில் டெல்லி வெயில் 45 டிகிரியைத் தொடும். முனிர்க்கா, கரோல் பாக் பக்கம் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். "30 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்கவும்" என்று அச்சடித்த மருந்தும் அதே வீட்டில்தான் இருக்கிறது. காலாவதிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்தத் தேதி சீல் உடைக்காத, லேபிள் சொன்னபடி வைத்த பாட்டிலுக்கு மட்டும்தான்.

எல்லா மருந்துக்கும் ஒரே அளவு கவலை இல்லை. ஆக்சிஜன் பட்டால் சீக்கிரம் கெடுகிற சில உண்டு: விட்டமின் சி சொட்டு, மீன் எண்ணெய், அலர்ஜிக்குத் தரும் ப்ரோமெதசின் சிரப், அட்ரினலின் ஊசி மருந்து. லேபிளில் சோடியம் மெட்டாபைசல்பைட் என்று சின்ன எழுத்தில் இருந்தால் அதுவும் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆக்சிஜனை முதலில் தான் வாங்கிக்கொண்டு மருந்தைக் காப்பாற்றத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துவிட்டால் அடுத்து மருந்தின் முறை. (ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த சல்பைட் ஒத்துக்கொள்ளாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

நான் திரும்பத் திரும்பச் சொல்வது பாட்டிலுக்குள் நிற்கிற காற்றைப் பற்றித்தான். 30 மில்லி மருந்தில் பாதி தீர்ந்தால், தீர்ந்த 15 மில்லியின் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது புதுக் காற்றாக மாறுகிறது. அதனால் பெரிய பாட்டில் லாபம் என்று பார்க்காமல் சின்னதாக வாங்குங்கள், திறந்த தேதியை அன்றைக்கே பேனாவால் எழுதுங்கள், திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்று மருந்துக்கடையில் கேளுங்கள். மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் குழந்தையைச் சமாதானப்படுத்துவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். முதலில் அளவை எடுங்கள், மூடியை இறுக்குங்கள், அப்புறம் குழந்தையிடம் போங்கள். வேறு பாட்டிலுக்கு மட்டும் மாற்றவே வேண்டாம். சில மருந்துகளைக் கம்பெனியில் நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றித்தான் அடைக்கிறார்கள்.

பழுப்பு பாட்டில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. அட்டைப்பெட்டியோடு, வீட்டிலேயே குளுமையான அறையில், அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஜன்னல் ஓரம், அடுப்புப் பக்கம், ஃப்ரிட்ஜின் தலைமேல், இந்த மூன்றும் வேண்டாம்.

சரி, ஃப்ரிட்ஜுக்குள்? லேபிள் சொன்னால் மட்டும். 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால் நடுத்தட்டில் வையுங்கள், கதவைத் திறந்து மூடும்போது கதவுத் தட்டில்தான் சூடு அதிகம் ஏறி இறங்கும். சொல்லாத மருந்தைக் குளிரில் வைத்தால் சில சிரப்பில் சர்க்கரை அடியில் படிந்துவிடும். ஃப்ரீசர் கூடவே கூடாது.

செம்புப் பானையில் தண்ணீர் பிடித்துவைக்கும் வீடுகள் நம்மில் நிறைய. விட்டமின் சி சொட்டை அந்தத் தண்ணீரில் கலக்காதீர்கள், கொஞ்சம் செம்பு கலந்தாலே அது வேகமாகக் கெடும். எந்தத் தண்ணீரில் கலந்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள்.

விட்டமின் சி மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போவது, அட்ரினலின் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஆவது, மீன் எண்ணெயில் சிக்கு வாடை, இதில் எதைப் பார்த்தாலும் புது மருந்து வாங்குங்கள். அட்ரினலின் உயிர் காக்கிற மருந்து, அதைத் தள்ளிப்போடவே கூடாது. நிறம் மாறவில்லை என்பதால் மருந்து நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, கண்ணுக்குத் தெரியும் முன்பே வீரியம் குறைந்திருக்கலாம்.

கோடையில் ஊரிலிருந்து ரயிலில் மருந்து கொண்டுவருகிறீர்கள் என்றால், சென்னையிலிருந்து ஒரு நாளுக்கு மேல் பயணம், ஜன்னல் பக்கக் கொக்கியில் பையை மாட்டாமல் துணி மூட்டைக்கு நடுவில் சொருகி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். டெல்லியில் கிடைக்கிற மருந்தாக இருந்தால் இங்கேயே வாங்குங்கள், வெயில் விழும் கண்ணாடி ஷெல்ஃபிலிருந்து எடுத்துத் தந்தால் உள்ளே இருப்பதைக் கேளுங்கள்.