ஹார்ட் வீக் என்று கட்டிலோடு கிடத்திவிடாதீர்கள்

பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, "பம்பிங் குறைவு" என்று சொன்ன அன்றைக்கே திண்ணையில் கட்டில் போட்டுவிட்டோம். தண்ணீர்ச் சொம்பைக்கூட அவரை எடுக்க விடவில்லை. பாசம்தான். மூன்றாம் மாதம், இரண்டு கையையும் ஊன்றாமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

இதயச் செயலிழப்பில், அதாவது இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு பம்ப் செய்ய முடியாத நிலையில், பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இது. ரத்த ஓட்டக் குறைவு, உடலுக்குள் நீடிக்கும் அழற்சி, அசையாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்து தொடைத் தசையைக் கரைக்கின்றன. நலிந்த தசைக்கு ஆக்சிஜனைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாது. நாலு அடிக்கே மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறதே என்று படுத்தால் இன்னும் கரையும். 2009-ல் வெளியான ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன் ஆய்வில் 2,331 நோயாளிகள் இருந்தார்கள். மருந்தால் நிலைமை சீரானவர்களுக்கு, மேற்பார்வையில் தொடங்கும் பயிற்சி பாதுகாப்பானது என்று அது காட்டியது.

எடை மெஷினை மட்டும் நம்புவது அடுத்த தவறு. பெரியப்பாவின் எடை குறையவே இல்லை, அரைஞாண் கயிறும் தளரவில்லை. வேட்டியை மடித்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: முட்டி எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, தொடைச் சதை தொளதொளவென்று தொங்கியது. கரைந்த தசையின் எடையை உடம்பில் கோத்த நீர் ஈடுகட்டியிருந்தது. தினமும் காலையில் எடை பார்க்கத்தான் வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தசைக்கு வேறு சோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்திருக்கிறது.

நடை மட்டும் போதாது, லேசான எடைப் பயிற்சியும் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதயத் துடிப்பைக் குறைத்து வைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுகிறவர்கள் நாடித்துடிப்பைக் கணக்கு வைக்காதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சுவலி, தலைசுற்றல், புதிதாகக் கால்வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெறும் கஞ்சி கொடுப்பதையும் விடுங்கள். களியோடு கொள்ளு, அவரைக்கொட்டை, முட்டை சேரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். மாங்காய் ஊறுகாயும் கருவாடும் உப்பு, வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெரியப்பாவுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கட்டிலில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, இரண்டே தடவைதான் எழ வைத்தார். "இன்னைக்கு இது போதுங்கய்யா, நாளைக்கு மூணு."