ஸ்டீல் சிங்கில் குழாய்க்கு ஓட்டை போட்டது

சமையலறை சிங்கில் புதுக் குழாய் பொருத்த 35 மி.மீ. ஓட்டை தேவைப்பட்டது. டிரில்லில் ஹோல் சாவை, அதாவது வட்டமாக வெட்டும் கிண்ண வடிவ ரம்பத்தை மாட்டி, மரத்துக்குப் போடுவதுபோல முழு வேகத்தில் விட்டேன். அரை நிமிடத்தில் புகை, காது கூசும் கீச்சொலி, ஹோல் சாவின் பற்கள் நீலம் பாய்ந்து மழுங்கிவிட்டன, தகட்டில் பளபளவென்று ஒரு வட்டக் கோடு மட்டும்தான் மிச்சம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படித்தான். வெட்டாமல் உரசினால் அந்த இடமே இன்னும் இறுகிப்போகும், அப்புறம் வேகத்தைக் கூட்டக் கூட்டப் பல்தான் போகும்.

சரி என்று புதிதாக ஒரு பைமெட்டல் ஹோல் சா (பல்லுக்கு ஒரு உலோகம், உடலுக்கு வேறு உலோகம்) வாங்கி, சிங்கின் அடியில் பிளைவுட் துண்டு ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கி, வட்டத்தில் எண்ணெய் விட்டு, டிரில்லை 1-ஆம் கியரில் மெதுவாக, ஆனால் கையை நன்றாக ஊன்றி அழுத்தி ஓட்டினேன். பொடியாக வந்தால் உரசுகிறது, சுருள் சுருளாக வந்தால் வெட்டுகிறது. அந்தச் சுருளைப் பார்த்ததும்தான் மூச்சே வந்தது. நடுவில் இரண்டு முறை நிறுத்தி ஆறவிட்டு மறுபடி எண்ணெய் விட்டேன். கடைசியில் விளிம்பை அரத்தால் ராவிவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

பிளைவுட்டிலேயே ஓட்டை போடுவதென்றால் ஹோல் சாவின் நடுவில் இருக்கும் பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள், சிம்பு பெயராது. கிரானைட்டில் பல் வைத்த சா வேண்டவே வேண்டாம். விளிம்பில் வைரத்துகள் பதித்த டைமண்ட் கோர் பிட்தான், டிரில்லின் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) அணைத்திருக்க வேண்டும், தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.