பவர் சப்ளை போய்விட்டதா? வாரன்டியில் மாற்றி வாங்குவது இப்படித்தான்

பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் அசையவில்லை. பின்பக்கம் லேசாகக் கருகிய வாடை. உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடத்தான் கை போகும். வேண்டாம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியின் திருகுமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலே பல நிறுவனங்கள் கையை விரித்துவிடும். அதைவிட முக்கியம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

படி 1: கழற்றும் முன் போட்டோ

மெயின் சுவிட்சை அணைத்து பிளக்கை எடுத்துவிட்டு, எந்த கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று படம் எடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் கனெக்டர் உருகியிருந்தால், அதைப் பிடுங்குவதற்கு முன் ஒரு படம், பிடுங்கிய பிறகு இரு பக்கமும் ஒவ்வொரு படம். கனெக்டர் முழுதாக உள்ளே இறங்கியிருந்ததா என்பதுதான் வாரன்டி கொடுக்கும் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி.

படி 2: குற்றவாளி அதுதானா?

கருகல், உருகல் இருந்தால் இந்தப் படியே வேண்டாம், திரும்ப மின்சாரம் கொடுக்காதீர்கள். மற்றபடி, சுவிட்சை அணைத்து, எல்லா பாகங்களிலிருந்தும் கேபிள்களை எடுத்துவிட்டு, மதர்போர்டில் செருகியிருந்த பெரிய 24 பின் கனெக்டரின் பச்சை வயர் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிறகு சுவிட்சைப் போடுங்கள். வயரெல்லாம் கறுப்பாக இருந்தால் ஊகித்துச் செருக வேண்டாம், அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

ஃபேன் சுற்றாவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. லோடு குறைவாக இருந்தால் ஃபேனை நிறுத்தியே வைக்கும் மாடல்கள் நிறைய உண்டு. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும்.

படி 3: பில், சீரியல் நம்பர்

சீரியல் நம்பர் பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளில் இருக்கும். பில்லில் வாங்கிய தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கிப்போகும் ரசீதாக இருந்தால் இன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

படி 4: புகாரை எழுதுவது

நான் கோட்டை விட்டது இங்கேதான். "வேலை செய்யவில்லை" என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அதே பெட்டி திரும்பி வந்தது, "குறை ஏதும் இல்லை" என்ற சீட்டோடு. அவர்கள் மேஜையில் அது நன்றாகவே ஓடியிருக்கிறது! இரண்டாம் முறை இப்படி எழுதினேன்:

"காலையில் முதல் முறை அழுத்தும்போது ஆன் ஆவதில்லை, நாலைந்து முறை அழுத்தினால் ஆகிறது. கேம் ஓடும்போது 20 நிமிடத்தில் அணைகிறது. அப்போது 12 வோல்ட் வயரில் 11.1 தான் காட்டியது. வேறு பவர் சப்ளை போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை."

மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எப்போது, எவ்வளவு நேரத்தில், வேறொன்றைப் போட்டுப் பார்த்தீர்களா: இந்த மூன்றும் இருந்தால் போதும். மின்னல், தண்ணீர் போன்றவற்றால் வந்த சேதத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கூடவே மதர்போர்டும் போயிருந்தால், அதற்குத் தனியாக அதன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருக்கும்.

படி 5: அனுப்புதல்

ஆர்எம்ஏ எண் (பொருளைத் திருப்பி அனுப்ப நிறுவனம் தரும் அனுமதி எண்) வந்த பிறகே அனுப்புங்கள், அதைப் பெட்டியின் வெளியே எழுதுங்கள். கேபிள்களையும் சேர்த்து அனுப்பவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூரியர் ரசீது பத்திரம்.

படி 6: புதியது வந்ததும்

கேபிளைக் கழற்றிச் செருகும் வகையாக இருந்தால், அதே மாடல்தான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாடலாக இருந்தால் பழைய கேபிளைத் தொடவே தொடாதீர்கள். பவர் சப்ளை பக்கம் அச்சு அசலாகப் பொருந்திவிடலாம், ஆனால் பின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே காலி. பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடுங்கள். அப்புறம் வாரன்டி பழைய தேதியிலிருந்து தொடர்கிறதா, புதிதாகத் தொடங்குகிறதா என்று ஒரு மெயிலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.