ஒன்ராறியோவில் பதிவு பெற்ற ஓ.டி.யைத் தேடிச் சரிபார்ப்பது எப்படி?

அம்மாவை இடுப்புச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அல்லது மகனுக்குப் பென்சில் பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஆசிரியை சொல்கிறார். இரண்டு இடத்திலும் "ஒரு ஓ.டி.யைப் பாருங்கோ" என்ற பேச்சு வரும். ஓ.டி. என்றால் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட். வருத்தமோ காயமோ வயதோ தடுத்தாலும், ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்ய வழி பார்ப்பவர். குளிப்பது, பொத்தான் பூட்டுவது, திருவலையில் தேங்காய் திருவுவது, வேலைக்குத் திரும்புவது எல்லாமே அவர் துறைக்குள் வரும்.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் தெரிந்தவர் சொன்ன பெயரை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார்கள். பெயர் அப்படி வரட்டும், பிழையில்லை. ஆனால் அம்மாவின் குளியலறை வரைக்கும் வரப்போகிறவர் பதிவு பெற்றவர்தானா என்று கட்டாயம் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை.

படி 1: இலவச வழியை முதலில் பாருங்கள்

வீட்டுக்கு வரும் ஓ.டி. வேண்டுமென்றால், வீட்டுப் பராமரிப்பை ஒழுங்குசெய்யும் அரசு அமைப்பான ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோமுக்கு எடுங்கள். இலக்கம் 310-2222, ஏரியா கோட் தேவையில்லை. குடும்ப வைத்தியரின் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே கேட்கலாம். தகுதி இருந்தால் அரசுச் செலவில் ஆள் வருவார். ஆஸ்பத்திரியில் இருப்பவர் என்றால், வீட்டுக்கு விடுமுன்பே அங்குள்ள ஓ.டி.யுடன் கதைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். பிறகு உங்கள் பகுதிச் சிறுவர் சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள்.

இந்த வழியில் காத்திருப்பு இருக்கலாம். அதனால்தான் பலர் தனியாரிடம் போகிறார்கள். அங்கே ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) காசு கட்டாது. வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால், அதில் ஒக்கியுபேஷனல் தெரபி தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிசியோ இருந்தால் இதுவும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

படி 2: முழுப்பெயரும் பதிவிலக்கமும் கேளுங்கள்

"உங்கள் காலேஜ் பதிவிலக்கம் என்ன?" என்று நேரே கேளுங்கள். காலேஜ் என்பது ஓ.டி.க்களைப் பதியும் சபை, விவரம் படி 3இல். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. காப்புறுதிக்காகத் தரும் ரசீதிலும் அதைப் போடுவதுதான் வழக்கம். இலக்கம் தரத் தயங்குகிறவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

படி 3: பதிவேட்டில் தேடுங்கள்

காலேஜ் ஒஃப் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட்ஸ் ஒஃப் ஒன்ராறியோ என்ற அமைப்பின் இணையதளத்துக்குப் போங்கள். படிப்பிக்கிற இடம் இல்லை இது, சட்டப்படி இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சபை. ஒன்ராறியோவின் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக இங்கே பதியாதவர் தன்னை ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஓ.எஸ்.ஓ.டி. (ஒன்ராறியோ), சி.ஏ.ஓ.டி. (கனடா) என்ற ஓ.டி. சங்கங்களிலும் ஓ.டி. தேடும் பக்கங்கள் உண்டு. ஆள் பிடிக்க அவை உதவும். ஆனால் அவை விருப்பப்பட்டுச் சேரும் சங்கங்கள். உரிமத்தைப் பார்க்க காலேஜின் பதிவேடுதான்.

எங்கள் பெயர்களில்தான் சிக்கல் வரும். கடைசிப் பெயராக ஒருவர் அப்பாவின் பெயரைப் போட்டிருப்பார், இன்னொருவர் கணவரின் பெயரைப் போட்டிருப்பார். 'சிவ' என்று தொடங்கும் பெயரை எஸ் எழுத்துக்குப் பின் எச் போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். இருபது எழுத்துப் பெயரைப் பாதியாக வெட்டி 'சிவா' என்று கூப்பிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆகவே முழுப்பெயரையும் அடித்துவிட்டு "ஆள் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். கடைசிப் பெயரின் முதல் நாலைந்து எழுத்துகளை மட்டும் போட்டுப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் முதற்பெயரை மட்டும் போடுங்கள். பதிவிலக்கம் கையில் இருந்தால் இந்தத் தலையிடியே இல்லை. அதற்காகத்தான் படி 2.

கியூபெக்கில் மட்டும் பதிந்தவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிச் சபை இருக்கிறது.

படி 4: பெயர் வந்ததும் நிறுத்தாதீர்கள், பக்கத்தை வாசியுங்கள்

பதிவு இப்போதும் நடப்பில் இருக்கிறதா? ராஜினாமா செய்தவர், இடைநிறுத்தப்பட்டவர் பெயரும் பதிவேட்டில் இருக்கலாம். 'ப்ரொவிஷனல்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். தேசியத் தேர்வை இன்னும் முடிக்காத புதியவர், மேற்பார்வையில் வேலை செய்வார். யார் மேற்பார்வை என்று மட்டும் கேளுங்கள். நிபந்தனைகளோ ஒழுக்காற்றுத் தீர்ப்போ இருந்தால் அதே பக்கத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வேலை செய்யும் இடமும், உங்களுக்குத் தந்த விலாசமும் ஒன்றா என்றும் பாருங்கள்.

படி 5: முடிவெடுக்குமுன் கேட்க வேண்டியவை

உரிமம் இருப்பதால் மட்டும் உங்கள் தேவைக்குப் பொருத்தமானவர் என்று ஆகிவிடாது. பிள்ளைகளோடு மட்டுமே வேலை செய்தவர் பக்கவாதம் வந்த அப்பாவுக்குச் சரிவராமல் போகலாம். "இப்படிப்பட்ட ஆட்களோடு எவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வரப்போவது நீங்களா, உதவியாளரா என்பதையும் கேளுங்கள். உதவியாளர்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. அவர்கள் ஓ.டி.யின் பொறுப்பில்தான் வேலை செய்ய வேண்டும்.

சக்கர நாற்காலியோ வோக்கரோ தேவையென்றால் இன்னொரு கேள்வி: "நீங்கள் ஏ.டி.பி. ஓதரைசரா?" அசிஸ்டிவ் டிவைசஸ் புரோகிராம் என்ற அரசுத் திட்டம், தகுதியானவர்களுக்கு அங்கீகரித்த விலையில் 75 வீதம் தரும். ஆனால் அந்தத் திட்டத்தில் தனியாகப் பதிந்தவர் ஒப்பமிட்டால்தான் விண்ணப்பம் செல்லும். எல்லா ஓ.டி.க்கும் அந்தப் பதிவு இல்லை.

படி 6: முதல் சந்திப்பில் கவனியுங்கள்

நல்ல ஓ.டி. கட்டிலின் உயரத்தை அளப்பார். அம்மா குளியல் தொட்டிக்குள் எந்தக் காலை முதலில் வைக்கிறா, எதைப் பிடிக்கிறா என்று செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லி, அம்மாவின் சம்மதத்தைக் கேட்டுத்தான் தொடங்குவார். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாதென்றால் பக்கத்தில் இருங்கள், ஆனால் பதிலை அம்மாவே சொல்லட்டும். வந்த கையோடு ஒரே கடையின் சாமான் பட்டியலை நீட்டினால், ஏன் அந்தச் சாமான், ஏன் அந்தக் கடை என்று கேளுங்கள். அறிக்கையில் ஒரு பிரதியும் கேட்டு வாங்கி வையுங்கள்.

நடத்தையிலோ சிகிச்சையிலோ குறை இருந்தால் காலேஜுக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை. கட்டின காசைத் திருப்பி வாங்கித் தரும் அதிகாரம் மட்டும் காலேஜுக்கு இல்லை. அதனால் கட்டணத்தையும், சந்திப்பை ரத்துச் செய்தால் எவ்வளவு எடுப்பார்கள் என்பதையும் முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.